சொல் தவறாமையும் நம் தோட்ட வரலாறும்

ஒரு மனிதனைப் பற்றி ஊரார் கூறும் நற்சொற்களுள் மிக எளியது எது? "அவனிடம் ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டால் பிறகு நாம் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை" என்பதுதான். இச்சொல்லிலே மாலையும் இல்லை, பட்டமும் இல்லை. ஆயினும் ஒரு குடும்பம் நிம்மதியாக உறங்குவதும், ஒரு சங்கம் பல்லாண்டு நிலைத்து நடப்பதும், ஒரு சமுதாயம் இடுக்கண் வந்தபோது சிதறாமல் நிற்பதும் இத்தகைய மனிதர் சிலர் அதன் நடுவே இருப்பதனாலேயே என்பது சிறிது சிந்திப்பார்க்கும் விளங்கும்.

வாய்மை என்றதும் நமக்கு அரிச்சந்திரன் நினைவுக்கு வருகிறான். நாட்டை இழந்தும், மனைவி மக்களைப் பிரிந்தும், சுடலை காத்தும் சொல் காத்தவன் அவன். ஆனால் வாய்மை அரசர்க்கும் புராண புருடர்க்கும் மட்டுமே உரிய அணிகலன் என்று எண்ணிவிடலாகாது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும், தேயிலைச் சரிவிலும் றப்பர்க் காட்டிலும் வாழ்ந்து மறைந்த நம் பாட்டன் பாட்டிமாரின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போமாயின், சொல் காத்தலும் சொல் பிறழ்தலும் அன்றாடச் சோற்றோடு எவ்வளவு பிணைந்தவை என்பது தெள்ளிதிற் புலப்படும்.

நம்மவர் இந்நாட்டுக்கு வந்ததே ஒரு சொல்லை நம்பித்தான். 1820களிலே கண்டிச் சீமையில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது. பஞ்சமும் கடனும் வாட்டிய தமிழகக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவர் கங்காணிமார். கங்காணி அந்நியனல்லன், பெரும்பாலும் அதே ஊரான், உறவினன், தெரிந்தவன். அதனாலேயே அவன் சொல் விலைபோயிற்று. தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்து வந்த கதை இன்றும் நம் முதியோர் வாயில் வழங்குகிறது. தூரைக் கிளறியவர்க்குக் கிடைத்தவை அட்டைக் கடியும் குளிரும் கடனுமே. ஆக, நம் சமூகத்தின் இந்நாட்டு வரலாறு முறிந்த வாக்குறுதி ஒன்றிலிருந்து தொடங்குகிறது எனலாம்.

அக்கடன் எவ்வாறு உண்டாயிற்று என்பதை இன்றைய இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும். ஆள் திரட்டுவதற்கெனத் தோட்டத்துரை கங்காணிக்கு முற்பணம் கொடுப்பார். வழிச்செலவு, சோற்றுச்செலவு, ஊரிலிருந்த பழைய கடனை அடைத்த செலவு யாவும் அதில் அடங்கும். தொழிலாளி தோட்டத்தில் கால் வைக்கும் முன்னரே அவை அவன் பேரில் கடனாக ஏறிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தகரச் சீட்டு முறை வந்தது. தோட்டத்தின் அடையாள எண் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தவர் வழியிலே கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் அச்செலவும் கணக்கில் எழுதப்பட்டது. எழுதப் படிக்க அறியாத மனிதனுக்குத் தன் கடன் எவ்வளவு என்பதே தெரியாது. கங்காணி சொன்னதே கணக்கு.

இதனினும் விந்தையானது துண்டு முறை. ஒரு கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், பழைய துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இன்ன கங்காணியும் அவன் ஆட்கள் இத்தனை பேரும் இவ்வளவு தொகை கடன்பட்டிருக்கிறார்கள், அத்தொகையைச் செலுத்தினால் அவர்களை விடுவிக்கச் சம்மதம் என்பது அதன் சாரம். அச்சிறு சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். புதிய துரை அத்தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். ஆளுக்குத் தட்டுப்பாடு நிலவிய காலங்களில், துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் அதிகம் தருபவர் யார் என்று கங்காணிகள் தோட்டந்தோட்டமாக விசாரித்ததும் உண்டு. ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் பெருகியது. உழைத்த கைக்கு அதனால் வந்த பயன் யாதொன்றுமில்லை. மனிதர்க்கிடையே இருக்க வேண்டிய நம்பிக்கையின் இடத்தை ஒரு காகிதத் துண்டு பிடித்துக்கொண்டது.

சட்டம் யார் சொல்லைக் காத்தது என்பதையும் நோக்குவோம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, வேலைக்கு உடன்பட்ட தொழிலாளி முன்னறிவித்தலின்றி நீங்கினால் அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அவன் கூலியைப் பற்றி 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் கூறியது யாது? மாதம் முடிந்து அறுபது நாட்களுக்குள் கொடுத்தால் போதும் என்பதே! சித்திரை மாதம் உழைத்த கூலி ஆனி மாதத்தில் கைக்கு வந்தாலும் சட்டப்படி பிழையில்லை. ஏழை சொல் தவறினால் சிறை. அவனுக்குச் சொல்லிய கூலிக்கோ இரண்டு மாதத் தவணை. இடைப்பட்ட நாட்களுக்கு அவன் எங்கே போவான்? மீண்டும் கங்காணியிடமும் கடைக்காரரிடமும் கடனுக்கே போனான். நம்பகம் என்பது ஒரு பக்கத்தாரிடம் மட்டும் எதிர்பார்க்கப்படும்போது அது அறமாக இராது, விலங்காகிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இந்நிலையை மாற்ற முன்வந்தோர் வரிசையிலே சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களை நன்றியோடு நினைத்தல் நம் கடன். சிவில் சேவையிலே உயர் பதவி வகித்து ஓய்வு பெற்ற அப்பெரியார், 1919ஆம் ஆண்டிலே தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கத்தை அமைத்தார். அதன் செயலாளராகப் பணிபுரிந்தவர் நம் மலையகத் தோட்டமொன்றிலே பிறந்து பாரிஸ்டராக உயர்ந்த பெரி. சுந்தரம் அவர்கள். தொழிலாளியைச் சிறைக்கனுப்பும் சட்டம் ஒழிய வேண்டும் என்பது அன்னாரது இடையறாத கோரிக்கை. கூட்டத்திலே ஒரு நாள் முழங்கிவிட்டு மறுநாள் மறந்துவிடவில்லை. மனு மேல் மனுவாக எழுதி, உரியவர்களை மீண்டும் மீண்டும் அணுகினர். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. வேலையை விட்டு நீங்கியதற்காகச் சிறையிடும் வழக்கமும் அக்காலத்திலேயே முடிவுக்கு வந்தது. எடுத்த காரியத்தை முடியுமட்டும் கைவிடாமையும் நம்பகத்தின் ஒரு முகமே என்பதை இப்பெரியோர் வாழ்ந்து காட்டினர்.

1927ஆம் ஆண்டிலே ஆகக் குறைந்த கூலிச் சட்டம் நிறைவேறியது. 1929இல் அது நடைமுறைக்கு வந்தபோது தாழ்நாட்டுத் தோட்டங்களில் நாட்கூலியாக ஆணுக்கு 50 சதமும், பெண்ணுக்கு 40 சதமும், சிறுவர்க்கு 30 சதமும் விதிக்கப்பட்டன. தொகை சிறிதெனினும், கூலி இவ்வளவு என்ற சொல் முதன்முறையாகச் சட்டத்தின் துணை பெற்றது. பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான கூலி கிடைக்க 1984ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது.

இனி, சட்டமும் துரையும் ஒருபுறம் இருக்க, நம்மவர் தம்முள் ஒருவரையொருவர் எவ்வாறு நம்பி வாழ்ந்தனர் என்பதைக் காண்போம்.

சப்ரகமுவவின் தாழ்ந்த சரிவுகளிலே றப்பர் பெருகியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே. அதன் மூலத்தாய் 1876ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வந்து, கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொட தாவரவியல் தோட்டத்திலே நடப்பட்ட நாற்றுகளாம். பால் வெட்டும் தொழில் விடியற்காலைத் தொழில். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். கத்தி பட்டையின் உள்ளே போதிய ஆழம் செல்லாவிடில் பால் குறையும்; சிறிது அதிகம் சென்றுவிட்டாலோ மரத்தின் உயிர்ப்படலம் காயப்படும். அக்காயத்தின் மேலே வளரும் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகிப் பிற்காலத்தில் வெட்டுக்கு உதவாது. அரையிருளிலே, நூற்றுக்கணக்கான மரங்களுக்கிடையே தனியே நிற்கும் தொழிலாளியை ஒவ்வொரு மரத்திலும் நின்று பார்ப்பவர் யார்? கங்காணியும் பாரான், கண்டாக்கையாவும் பாரார். அவன் இன்று அவசரத்தில் செய்த பிழை சில ஆண்டுகள் கழித்து அதே மரத்தை வெட்ட வரும் மற்றொரு தொழிலாளியின் வாளியிலே குறையாகத் தெரியும். காணாதவிடத்தும் கை தவறாமல் வெட்டிய அந்தத் தொழிலாளி நம்பகத்தின் இலக்கணத்தை நூலின்றியே கற்றவன்.

லயத்து வாழ்விலும் இத்தகையோர் பலர். தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைக் காம்பிராவிலே குழந்தைகளை ஏற்றுக்கொள்ளும் கிழவியை எண்ணிப் பாருங்கள். கொழுந்து எடுக்கும் தாயின் பத்து விரலும் ஓடுவது அக்கிழவியின் ஒரு சொல்லை நம்பியே. நள்ளிரவில் மழையென்றும் பாராது வந்து பிரசவம் பார்த்த மருத்துவச்சியும் அவ்வாறே. பத்துப் பெண்கள் கூடிச் சீட்டுப் பிடிக்கும்போது முதல் மாதமே பணத்தை எடுத்தவள் கடைசி மாதம்வரை தவறாமல் கட்டுவாள். எழுத்துமூலமான உடன்படிக்கை அங்கில்லை. எழுத்து இருந்தாலும் வாசிக்க ஆளில்லை. வாக்கு ஒன்றே பத்திரம்.

கடிதம் வாசிப்பவரைப் பற்றித் தனியே கூறல் வேண்டும். பல லயங்களிலே எழுத்தறிந்தவர் ஒருவரோ இருவரோதான் இருப்பர். ஊரிலிருந்து வரும் கடிதம் அவர் கைக்கே போகும். தகப்பன் இறந்த செய்தியும், காணித் தகராறும், பெண்ணுக்கு வந்த வரனும், குடும்ப மானமும் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கேட்டதை வாசித்து, சொன்னதை எழுதி, அறிந்ததை மனத்துள் புதைத்து வைத்தவர் ஊருக்கெல்லாம் உறவினரானார். அறிந்ததை அடுத்த காம்பிராவிலே அவிழ்த்து விட்டவரிடம் மறுமுறை எவரும் கடிதம் கொண்டு போகார். கல்வி கொடுத்த மதிப்பை நம்பகம்தான் காத்து வைத்தது.

ஒருவரையொருவர் கைவிடாமை பெரிய அளவிலே சோதிக்கப்பட்ட நிகழ்ச்சி ஒன்று நம் கேகாலை மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. 1946ஆம் ஆண்டிலே நேவ்ஸ்மியர் என்னும் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்கென எடுத்துக்கொண்டது. அங்கு உழைத்து வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் வெளியேற வேண்டுமென்று கட்டளை பிறந்தது. அவர்கள் மறுத்தனர். அத்துமீறி இருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. அப்போது அயல் தோட்டத்தார் என்ன செய்தனர்? தம் லயத்துக்கு ஆபத்து வரவில்லையே என்று வாளாவிருக்கவில்லை. வேலை நிறுத்தம் செய்து, தம் நாட்கூலியை இழந்து, அவர்கள் பக்கம் நின்றனர். அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையிலே ஒரு நாட்கூலியை இழப்பது எளிய காரியமன்று. "உனக்கொரு துன்பம் வந்தால் நான் இருக்கிறேன்" என்று திருவிழாவிலும் திருமணத்திலும் சொல்லும் சொல்லுக்கு அன்றுதான் விலை கொடுக்கப்பட்டது.

இரண்டாண்டு கழிந்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நம்மவருள் மிகப் பெரும்பாலோர் ஒரே அடியில் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு வந்த 3ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழி திறந்தது. 1946ஆம் ஆண்டு சனவரி முதலாம் தேதிக்கு முன்பு, விவாகமானவர் ஏழாண்டும் மற்றவர் பத்தாண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று காட்ட வேண்டும். 1951ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் தேதி இறுதி நாள். ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றிலே எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அடங்கியிருந்தன. முடிவிலே உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மாத்திரமே.

சான்று என்றால் என்ன? பிறப்பத்தாட்சி, செக்ரோலிலே விழுந்த பெயர், பள்ளிக்கூட இடாப்பு, பதிவு செய்த விவாகம் ஆகியன. தன் வாழ்நாள் முழுவதும் ஒரே மலையில் உழைத்தவனும், "நான் இங்கேதான் இருந்தேன்" என்று கூறினால் அச்சொல் ஏற்கப்படவில்லை. பெயர் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோரிடத்தில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தால் சந்தேகம்; வயது மாறியிருந்தால் சந்தேகம். அன்று ஒரு குழந்தை பிறந்தபோது அதே வாரம் நடந்து போய்ப் பதிந்துவிட்டு வந்த தகப்பனும், பெயரைக் கேட்டுக் கேட்டுத் திருத்தமாக எழுதிய கணக்கப்பிள்ளையும் தாம் செய்த சிறு கடமையின் பெருமையை அப்போது அறிந்திரார். "நாளைக்குப் பார்ப்போம்" என்று விட்டவரும் தம் சோம்பலின் விலையை அறிந்திரார். குற்றம் முதலில் சட்டத்துடையதே, அதில் ஐயமில்லை. ஆயினும் அநீதியான சட்டத்தின் முன்னே நிற்கும் எளியவனுக்கு, ஒருவன் ஒழுங்காகச் செய்து வைத்த சிறு வேலை கேடயமாயிற்று என்பதும் உண்மை.

பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் தேதி சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் எழுந்தது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனக் கணக்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டிலே பாதிபாதியாகப் பங்கிட்டனர். மனிதரைக் கேளாமலே மனிதரைப் பங்கிட்ட அவ்வொப்பந்தங்களால் ஒரே காம்பிராவிலே வளர்ந்த அண்ணனும் தம்பியும் இரு நாட்டினராயினர். நாடற்றோர் என்ற பழிச்சொல்லைத் துடைக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலே, 35ஆம் இலக்கமாக வந்தது. 1948 முதல் ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

இடையிலே இனக்கலவர நெருப்பும் நம் மாகாணத்தைச் சுட்டது. 1981ஆம் ஆண்டு ஓகஸ்டிலே இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர். 1983ஆம் ஆண்டு யூலையிலே நாடே எரிந்தது. லயங்களை இழந்தோர் பலர் வடக்கே வவுனியாப் பக்கம் போய்க் குடியேறினர். அந்நெருப்பிடையே தமிழரைத் தம் வீட்டில் மறைத்து வைத்துக் காத்த சிங்கள அயலவரும் இருந்தனர் என்பதை நன்றி மறவாது கூறுவோம். அவர்களை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை; எந்தத் துண்டும் அவர்கள் கையெழுத்தைக் கேட்கவில்லை. பல ஆண்டுப் பழக்கத்திலே வளர்ந்த நம்பிக்கையை ஆபத்து வந்தபோது அவர்கள் விற்றுவிடவில்லை. நம்பகத்துக்கு மொழியுமில்லை, இனமுமில்லை.

இங்கே ஓர் ஐயத்தைத் தெளிவித்தல் நன்று. "கங்காணியும் துரைக்கு நம்பிக்கையானவன்தானே? அவனைப் போற்றலாமா?" என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். நல்ல வினா. மேலிடத்துக்கு மட்டும் தலையாட்டி, தன் சொல்லை நம்பி வந்தவரைக் கடனிலே மூழ்கடித்தவனிடம் இருந்தது ஊழியப்பற்று. அதனை நம்பகம் என்று நாம் மயங்கலாகாது. நம்பகம் என்பது நம்மிலும் எளியவர் நம்மேல் வைத்த நம்பிக்கையைக் காப்பதிலேதான் அறியப்படும். கொடுக்க வல்லவரிடம் சொல் காப்பது இலாபம் கருதியும் நிகழலாம். கேட்க வலியற்ற குழந்தையிடமும், எழுத்தறியாத கிழவியிடமும், திரும்பி வந்து கேளாத இறந்தோரிடமும் சொல் காப்பதே உண்மையான நாணயம். யாரை நம்பலாம் என்று ஆராயாமல் நம்புவதும் பிழையே. அதனாலன்றோ திருவள்ளுவர் ஆராய்ந்து தெளிதலுக்கென்றே தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரம் வகுத்தார்.

இளைஞர்களே! 1823ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டு, நம்மவர் இந்நாட்டிலே இருநூறு ஆண்டுகள் வாழ்ந்ததை 2023இல் நினைவு கூர்ந்தோம். துண்டும் தகரச் சீட்டும் ஒழிந்தன. பிரஜாவுரிமையும் கிட்டியது. ஆனால் "இவரிடம் சொன்னால் நடக்கும்" என்ற மனிதரின் தேவை ஒழிந்துவிட்டதா? இல்லை. 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதியைப் பெற, அடையாள அட்டையிலே ஓரெழுத்துத் தவறிய காரணத்தால் அலைந்து திரியும் முதியோர் இன்றும் உளர். அவர்க்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுப்பதாகச் சொன்ன இளைஞன் சொன்ன நாளிலே வருவானாயின், அம்முதியவர் இழக்கும் ஒரு நாட்கூலி மிஞ்சும். கொழும்பிலே கடைச் சிப்பந்தியாகப் போன தம்பி கல்லாவிலே கை சுத்தமாக இருப்பானாயின், அவனுக்குப் பின்னே வேலை தேடி வரும் அதே தோட்டத்துப் பையனுக்குக் கதவு திறந்திருக்கும். அவன் தவறினாலோ அடுத்தவனுக்கும் அடைபடும்.

சங்க வாழ்விலும் அப்படியே. ஆறு மணிக்குக் கூட்டமென்றால் ஆறு மணிக்கே கூடுதல், மாரியம்மன் திருவிழாவுக்குத் திரட்டிய காசுக்குச் சதம் விடாமல் கணக்குக் காட்டுதல், மாலை வகுப்பிலே கற்பிப்பதாக ஏற்ற நாளிலே மழையென்று நின்றுவிடாமை ஆகியவை மேடையேறும் தகுதி பெற்ற வீரச்செயல்கள் அல்லவே என்று தோன்றலாம். ஆனால் தொழிலாளியின் கூலியை இரண்டு மாதம் தாழ்த்திக் கொடுப்பதைக் குற்றமாகக் காணும் நாம், சங்கக் கணக்கை இரண்டு மாதம் தாழ்த்திக் காட்டுவது எங்ஙனம் பொருந்தும்? பிறரிடம் எதை நீதியென்று கேட்கிறோமோ அதை முதலில் நம்மிடையே வழக்கமாக்குதல் வேண்டும். இயலாததை இயலாது என்று முன்னரே சொல்லிவிடுவதும் சொல் காத்தலேயாகும். முகத்துக்காக ஆமென்று சொல்லிப் பின்பு கைவிடுவதே ஏமாற்றம்.

நம் பாட்டன்மார் முறிந்த வாக்கொன்றை நம்பிக் கடல் கடந்தனர். முறியாத வாக்குகள் பலவற்றை ஒருவர்க்கொருவர் கொடுத்தும் காத்தும் இம்மண்ணிலே வேரூன்றினர். அவர்கள் நமக்கு எழுதி வைத்த சொத்து எதுவுமில்லை. விட்டுச் சென்ற நாணயம் ஒன்றே உண்டு. அதைச் செலவழித்துக் கெடுப்பதோ, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டிப் பெருக்குவதோ நம் கையில் இருக்கிறது. ஏற்றதை முடிப்போம், முடிப்பதையே ஏற்போம்.